குதிரையில் ஏறுவதற்கு முன்: தரையில் நிற்கும்போதே அடிபடாமல் இருக்க

என் வலது கால் கட்டைவிரல் நகம் விழுந்து, மறுபடி முழுசாக வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. குதிரை மேலிருந்து விழுந்ததால் இல்லை. சேணம்கூடப் போடாத குதிரைக்குப் பக்கத்தில் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, போனைப் பார்த்தபடி நின்றதால். கோயமுத்தூர் பக்கம் ஒரு சவாரிப் பள்ளியில் சேர்ந்திருந்தேன், அன்றைக்கு நாலாவது வகுப்பு. முதல் மூன்று வகுப்பிலும் முதுகை நிமிர்த்து, குதிகாலை இறக்கு, லகானைத் தளர்த்து என்று ஏறிய பிறகு செய்ய வேண்டியதை எல்லாம் சொன்னார்கள். குதிரைக்குப் பக்கத்தில் எங்கே நிற்பது என்று ஒருத்தரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கால் ஆறியதும், அங்கே குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவரோடு ஒன்றரை மாதம் ஒட்டிக்கொண்டு திரிந்தேன். அவரிடம் கற்றதும், அதற்குள் நானே இன்னும் இரண்டு தடவை வாங்கிக்கட்டிக்கொண்டதும்தான் கீழே இருக்கிறது. சவாரி பற்றி இதில் ஒன்றும் இல்லை. கால் தரையில் இருக்கும் நேரத்துக்கு மட்டும்.

1. பணம் கட்டும் முன் ஒரு காலைப் பொழுது சும்மா போய்ப் பாருங்கள்

ஆறரை மணிக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். குழந்தைகள் குதிரைக்குப் பின்னால் ஓடும்போது யாராவது அதட்டுகிறார்களா? வேலை செய்கிறவர்கள் காலில் என்ன போட்டிருக்கிறார்கள்? குதிரையைக் கம்பத்தில் கட்டும்போது எப்படி முடிச்சுப் போடுகிறார்கள்? வேலையாட்களே ரப்பர் செருப்போடு திரிகிற இடம் என்றால் உங்கள் கால் பற்றியும் அங்கே யாரும் கவலைப்படப்போவதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "ஏறுவதற்கு முன்னாடி, குதிரையைப் பிடிக்க, நடத்த, கட்டத் தனியாகச் சொல்லிக்கொடுப்பீர்களா?" அதெல்லாம் போகப் போகத் தானாக வந்துவிடும் என்றால் யோசியுங்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். தானாக வந்தது குளம்புதான்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். மாதம் எட்டு வகுப்புக்கு நான் கட்டியது 7,000 ரூபாய், அதற்கு மேல் சேர்க்கைக் கட்டணம் 1,500. நகரத்துக்கு நகரம் இது மாறும், இரண்டு இடத்திலாவது விசாரியுங்கள். மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் மாதம் அதில் விழ வேண்டாம். இரண்டாவது வகுப்பிலேயே பயம் வந்து நின்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர், அந்தப் பணம் திரும்பி வராது. தரையில் பழகுவதற்கு மட்டும் ஒரு நாலு வகுப்பு தனியாகக் கொடுக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் கேட்டால் பாதிக் கட்டணத்துக்கே ஒத்துக்கொள்கிறார்கள். அந்த நாலு வகுப்புக்குக் கொடுக்கும் பணத்தைப் போல உருப்படியான செலவு இதில் வேறு இல்லை.

2. காகிதங்கள்

ஆதார் நகல், இரண்டு போட்டோ, ரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர். சில இடங்களில் டாக்டரிடம் உடற்தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து. இதெல்லாம் அரை மணி நேர வேலை.

கூடவே ஒரு தாளை நீட்டுவார்கள், என்ன நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று. அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போடாமல் சேர முடியாது என்பது வேறு விஷயம், ஆனால் ஒரு நகலாவது கேட்டு வாங்கி வையுங்கள். என்னிடம் நகல் இல்லாததால் மருத்துவச் செலவு பற்றி அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குப் பிறகு தெரியவே இல்லை.

அப்புறம் இன்சூரன்ஸ். குதிரை என்றாலே பாலிசி செல்லாது என்று என்னிடம் இரண்டு பேர் அடித்துச் சொன்னார்கள். உண்மை அப்படி இல்லை. நம் நாட்டு ஹெல்த் பாலிசிகளில் பொதுவாக இருக்கும் ஒன்பதாம் எண் விலக்கு, குதிரைப் பந்தயம் உட்பட ஆபத்தான விளையாட்டுகளில் "தொழில்முறையாக" ஈடுபட்டு அடிபட்டால்தான் பணம் இல்லை என்கிறது. பொழுதுபோக்குக்குக் கற்றுக்கொள்கிறவர் அதில் வர மாட்டார். ஆனால் தனியாக எடுக்கும் விபத்துக் காப்பீடு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு மாதிரி, அதில் விலக்குப் பட்டியலைத் தேடிப் பிடித்துப் படித்தே ஆக வேண்டும். அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது, போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

சேரும் முன் டிடி ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். சாணமும் மண்ணும் கலந்த இடத்தில் சின்னக் கீறல் பட்டாலும் டெட்டனஸ் பயம் உண்டு. கடைசி ஊசி போட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால், அல்லது எப்போது போட்டோம் என்றே நினைவில்லை என்றால், டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும்.

குதிரையின் காகிதத்தையும் கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம். கிளாண்டர்ஸ் என்று ஒரு பாக்டீரியா நோய், குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு, ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் அதைச் செய்கிறது. பரிசோதனை எடுத்தீர்களா என்று கேட்டதும் தாளை எடுத்துக் காட்டுகிற இடத்தில் மற்றதும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

3. காலும் தலையும்

காலுக்கு: கணுக்காலை மூடுகிற, கெட்டியான தோல் ஷூ, சின்னதாகக் குதி வைத்தது. முதல் மாதமே சவாரி பூட்ஸ் வாங்க வேண்டியதில்லை, கட்டட வேலைக்காரர்களுக்கு விற்கும் பாதுகாப்பு ஷூ 900 ரூபாய்க்குக் கிடைத்தது, தரை வேலைக்கு இன்றுவரை அதுதான். அதை மாட்டிக்கொண்டு குதிரை ஏறாதீர்கள், அகலமான ஷூ அங்கவடியில், அதாவது சேணத்தில் தொங்கும் கால் வளையத்தில், சிக்கிக்கொள்ளும். கேன்வாஸ், ஸ்போர்ட்ஸ் ஷூ, செருப்பு மூன்றும் ஒன்றுதான். நானூறு கிலோவை ஒரு குளம்பளவு இடத்தில் தாங்கும்போது துணி என்ன, தெர்மாகோல் என்ன.

தலைக்கு: தரையில் நிற்கும்போதும் ஹெல்மெட். ஏறும்போது மாட்டிக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார்கள், குளம்பைச் சுத்தம் செய்யக் குனியும்போது உங்கள் தலை சரியாக முழங்கால் உயரத்தில் இருக்கும் என்பது அப்போது தோன்றாது. பள்ளியில் கொடுக்கும் பொது ஹெல்மெட் வியர்வை நாறும், வாரும் தளர்ந்திருக்கும். சொந்தமாக வாங்குங்கள், நான் கொடுத்தது 3,200. பைக் ஹெல்மெட், சைக்கிள் ஹெல்மெட் இதற்குச் சரிப்படாது. உள்ளே குதிரை சவாரிக்கான தரக் குறியீடு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு தடவை பலமாக அடி வாங்கியதை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு, பெரிய தோடு, மோதிரம் எதுவும் வேண்டாம். போனைப் பையில் வைத்துவிட்டு வாருங்கள்.

4. கிட்டே போவது

குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. ஏறக்குறைய 350 டிகிரி வரை அதற்குத் தெரியும். தெரியாத இடம் இரண்டுதான்: வாலுக்கு நேர் பின்னால், அப்புறம் நெற்றிக்கு நேர் முன்னால் மூக்குக்குக் கீழ் வரை. நாம் ஆசையாய்ப் போவது இந்த இரண்டு இடத்துக்கும்தான். முகத்துக்கு நேராகப் போய் நெற்றியில் தடவக் கை நீட்டுவோம், அதற்கோ எங்கிருந்தோ திடீரென்று ஒரு கை முளைத்த மாதிரி இருக்கும். சடாரென்று தலையைத் தூக்கும், அந்தத் தாடை உங்கள் மூக்கில் இடித்தால் அது வேண்டுமென்று செய்தது இல்லை.

இடது தோள்பட்டையைப் பார்த்துச் சாய்வாக நடந்து போங்கள். குதிரைகளைப் பெரும்பாலும் இடப்பக்கமிருந்தே பிடித்துப் பழக்கியிருப்பார்கள். போகும்போதே எதையாவது பேசுங்கள், "என்னம்மா, என்னடா, சாப்பிட்டியா" எதுவானாலும் சரி. அது உங்கள் பக்கம் காதையாவது திருப்பும் வரை கையை வைக்காதீர்கள். நின்றுகொண்டே தூங்குகிற பிராணி அது, கண் திறந்திருப்பதாலேயே முழித்திருக்கிறது என்று அர்த்தமில்லை. முதலில் தொட வேண்டியது தோளை. தட்டாதீர்கள், தடவுங்கள்.

இங்கே சிக்குகிறவர்கள் செல்ஃபி எடுப்பவர்கள். கொடைக்கானல் ஏரிக்கரையிலும் ஊட்டியிலும் பார்த்திருப்பீர்கள், குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதன் வாய்க்குக் கிட்டே தோளைக் கொண்டுபோய் வைத்துச் சிரிப்பார்கள். கடிக்கிற குதிரைக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

5. காதைப் பாருங்கள்

காது முன்னால் விறைத்திருந்தால் தூரத்தில் எதையோ பார்க்கிறது, நீங்களும் அந்தப் பக்கம் பாருங்கள், பிளாஸ்டிக் பையோ குடையோ வருகிறதா என்று. ஒரு காது உங்கள் பக்கம், ஒரு காது வேறு பக்கம் என்றால் நிம்மதியாக இருக்கிறது. இரண்டு காதும் பின்னால் மடங்கிக் கழுத்தோடு ஒட்டிக்கொண்டால் பேச்சு முடிந்தது, விலகுங்கள்.

நம் ஊரில் நிறையப் பார்ப்பது மார்வாரி, கத்தியவாரி இனங்கள். அவற்றின் காது நுனி உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மாதிரி இருக்கும். புதிதாய் வருகிறவர்கள் அந்த வளைவைப் பார்த்தே குழம்பிப்போகிறார்கள். நுனியை விடுங்கள், காது அடியில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள்.

பின்னங்கால் ஒன்றை லேசாக மடக்கி நுனிக் குளம்பில் ஊன்றியிருந்தால் ஓய்வெடுக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. அதே கால், காது மடங்கிய நிலையில் தரையை விட்டு எழும்பினால் உதைக்கப் போகிறது. வால் சும்மா ஆடுவது ஈக்கு, சவுக்கு மாதிரி விளாசினால் கோபத்துக்கு. கண்ணில் வெள்ளை தெரிய மிரளுவதையும் கவனியுங்கள், சில குதிரைக்கு எப்போதுமே கொஞ்சம் வெள்ளை தெரியும், அதனால் அந்தக் குதிரையின் வழக்கமான முகம் எது என்று குதிரையைப் பார்த்துக்கொள்பவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

6. கயிற்றைப் பிடித்து நடத்துவது

என் இரண்டாவது காயம் இங்கே. கயிறு நழுவக்கூடாதென்று உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தேன், மாடு பிடித்த வீட்டுப் பழக்கம். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் டப்பென்று ஓடத் தொடங்கியது. ராணி என்று ஒரு சாதுவான பெண் குதிரை, ஒரே தாவு. சுற்று இறுகி, நாலு விரலையும் சேர்த்து நெரித்து, கயிறு உருவிக்கொண்டு போனபோது உள்ளங்கைத் தோல் சீவின மாதிரி வந்துவிட்டது. அண்ணன் ஓடிவந்து முதலில் என் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். விளையாட்டுக்கு இல்லை. விரல் போனவரை அவருக்குத் தெரியும்.

ஆகவே கயிற்றைக் கையில் சுற்றவே சுற்றாதீர்கள். மிச்சக் கயிற்றை முன்னும் பின்னுமாக மடித்து, அந்த மடிப்பின் நடுவில் பிடியுங்கள். இழுத்தால் மடிப்பு ஒவ்வொன்றாகக் கழன்று போகும், விரல் உள்ளே சிக்காது. வலது கை குதிரையின் முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கயிற்றில், இடது கையில் மடிப்பு. கயிறு தரையில் புரளக்கூடாது, உங்கள் காலிலும் மாட்டும், அதன் காலிலும் மாட்டும்.

நடக்கும்போது குதிரைக்கு முன்னால் போகாதீர்கள், பயந்தால் உங்கள் மேல்தான் ஏறி வரும். தோளுக்கும் தலைக்கும் நடுவில் இருங்கள், ஒரு கை நீட்டும் தூரம் விட்டு. திருப்பும்போது உங்கள் பக்கம் இழுக்காமல் எதிர்ப்பக்கம், அதாவது வலப்பக்கம் தள்ளித் திருப்புங்கள். உங்கள் பக்கம் இழுத்தால் அதன் குளம்பு வந்து விழுகிற இடத்தில்தான் உங்கள் கால் இருக்கும்.

திமிறி ஓடப் பார்த்தால் விட்டுவிடுங்கள். கயிறு போனால் போகட்டும், லாயத்தை விட்டு எங்கே போய்விடும்? கௌரவம் பார்த்து இழுத்துப் பிடித்தவர்கள்தான் தரையோடு இழுபட்டுப் போகிறார்கள்.

கொட்டடிக்குள் விடும்போது ஒரு விஷயம். உள்ளே போனதும் குதிரையை வாசல் பக்கம் முகம் பார்க்கத் திருப்புங்கள், நீங்கள் வாசலுக்குக் கிட்டே நில்லுங்கள், அப்புறம் தலைக்கயிற்றைக் கழற்றுங்கள். அது உள்ளே பார்த்தபடி நிற்கையில் கழற்றினால், தீவனத்தைப் பார்த்த சந்தோஷத்தில் பின்னங்காலை ஒரு வீசு வீசிவிட்டுப் போகும்.

7. கட்டுவது

அசையாத கம்பம், குதிரையின் கண் உயரம், முழங்கை நீளத்துக்குக் கயிறு. கயிற்றின் மிச்ச நுனியை நாம் இழுத்தால் ஒரே இழுப்பில் உருவிக்கொள்ளும் முடிச்சு. இதை வீட்டில் நாற்காலிக் காலில் ஐம்பது தடவை போட்டுப் பழகுங்கள், எழுதிப் புரியவைக்க முடியாது. கம்பத்தில் நேராகக் கட்டாமல் சணலில் ஒரு வளையம் போட்டு அதில் கட்டினால், குதிரை மிரண்டு பின்னால் இழுக்கும்போது சணல் அறுந்துபோகும், கழுத்தும் தப்பும், கம்பமும் தப்பும். லகானைக் கொண்டு ஒருபோதும் கட்டக்கூடாது, அது வாய்க்குள் இருக்கும் கடிவாளக் கம்பியோடு சேர்ந்தது, மிரண்டு இழுத்தால் வாய்தான் கிழியும்.

கட்டியிருக்கும் குதிரையின் கழுத்துக்குக் கீழே குனிந்து அடுத்த பக்கம் போவதும் வேண்டாம். சுற்றிக்கொண்டு போங்கள்.

8. பின்னால் போக வேண்டி வந்தால்

குதிரைக்குப் பத்து முழம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பத்து முழம் என்பது பதினைந்து அடி. நான் அதைச் சும்மா வாய்ப்பேச்சு என்று நினைத்திருந்தேன், அளந்து பார்த்தால் கால் எட்டாத தூரம்தான் அது, இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அவ்வளவு இடம் இல்லாவிட்டால் எதிர்மாறாகச் செய்ய வேண்டும்: ஒட்டிக்கொண்டு போவது. தோளிலிருந்து கையை எடுக்காமல் முதுகு, இடுப்பு, புட்டம் என்று தடவிக்கொண்டே, பேசிக்கொண்டே, உடம்போடு உரசிச் சுற்றி வாருங்கள். அவ்வளவு கிட்டே இருந்தால் காலை வீச அதற்கு இடமில்லை, தள்ளுதான் விழும். உதை முழு வேகத்தில் வந்து விழுவது நடுவில், ஒரு நாலடி தூரத்தில். புதிதாய் வருகிறவர்கள் பயந்துபோய்ச் சரியாக அங்கேதான் நிற்பார்கள். பக்கவாட்டிலும் பின்னங்காலை வீசும், மாடு மாதிரி, முன்னங்காலாலும் அடிக்கும்.

குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யும்போது வால் பக்கம் பார்த்துப் பக்கவாட்டில் நின்று, மேலிருந்து கையை இறக்கிக்கொண்டு வாருங்கள். குந்துங்கள், முட்டி போடாதீர்கள், சம்மணம் போட்டு உட்காருவது பற்றிப் பேசவே வேண்டாம். குந்தியவர் ஒரு தாவில் விலகலாம்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்: அங்கே பின்னங்காலையும் கயிறு போட்டு முளைக்குச்சியில் கட்டியிருப்பார்கள். கட்டியிருக்கிறதே என்று நடுவில் புகுந்து போகாதீர்கள், கயிற்றில் தளர்வு இருக்கும், முளையும் ஈர மண்ணில் பிடுங்கிக்கொள்ளும். இரண்டு ஆண் குதிரைகளுக்கு நடுவில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

9. தீனி

கையை விரித்துத் தட்டையாக வையுங்கள், கட்டைவிரல் ஒட்டியிருக்கட்டும். வாய்க்குக் கீழே இருப்பது அதற்குத் தெரியாது, உதட்டால்தான் தேடும், கேரட்டுக்கும் விரலுக்கும் வித்தியாசம் அப்போது இல்லை. இன்னும் நல்லது, வாளியில் போட்டுவிடுவது. பல குதிரைகள் சேர்ந்து நிற்கும் இடத்துக்குள் தீனியோடு போகவே கூடாது. கொள்ளு வைக்கும் நேரத்தில் லாயத்துக்குள் உங்களுக்கு வேலையில்லை, அந்த அரை மணி நேரம் சாதுவான குதிரைகூட வேறு முகம் காட்டும். எங்கள் பள்ளியில் அது காலை ஐந்தரை, மாலை ஐந்து. உங்கள் இடத்து நேரத்தைக் கேட்டு வையுங்கள். தீபாவளியை ஒட்டிய நாலு நாள் வெடிச் சத்தத்தில் நான் அந்தப் பக்கமே போவதில்லை.

10. பட்டுவிட்டால்

கால் மேல் மிதித்துவிட்டால் காலை உருவ முயலாதீர்கள், தோல் கிழியும். தோளால் அதன் தோளை முட்டித் தள்ளுங்கள், எடை அடுத்த காலுக்கு மாறும், அப்போது எடுங்கள். நான் "ஐயோ அம்மா" என்று கத்தினேன், அது மிரண்டு இன்னும் அழுத்தி ஊன்றியது.

கடித்துத் தோல் கிழிந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். காப்பித் தூள், மஞ்சள் எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள், அங்கே இலவசம். நாய்தானே கடித்தால் ஊசி என்று நினைப்பவர்கள் உண்டு, குதிரைக்கும் வெறிநோய் வரும்.

வயிற்றிலோ நெஞ்சிலோ உதை விழுந்தால், எழுந்து நடக்க முடிந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், உள்ளே ரத்தம் கசிவது வெளியே தெரியாது. தலையில் பட்டு, வாந்தி, மயக்கம், அசாதாரணத் தூக்கம் இருந்தால் யாருடைய பைக்கிலும் ஏறாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எனக்குக் கால் விரலுக்கு எக்ஸ்ரே, கட்டு, மாத்திரை எல்லாம் சேர்த்து 2,400 ஆனது, மூன்று வாரம் வேலைக்கு ஆட்டோவில் போன செலவு அதைவிட அதிகம். எல்லா ரசீதிலும் தேதி, முத்திரை இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள், காப்பீட்டுக்கு அது இல்லாமல் நகராது.

ரத்த வகை, பாலிசி எண், வீட்டு நம்பர் மூன்றையும் ஒரு சின்ன அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, ஹெல்மெட்டின் உள் பஞ்சுக்குக் கீழே சொருகி வைத்திருக்கிறேன். போன் பூட்டியிருந்தால் யாராலும் திறக்க முடியாது, அன்றைக்கு எனக்கு அதுவும்தான் நடந்தது.